மெதுவாகச் சுற்றுவது

கடை சாப்பாட்டுக்கு மூட இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அதுவரை எப்படியாவது இழுத்தடித்துவிட்டால் போதும் என்று அவள் நினைத்தாள். இன்றைக்கு மெஷின் இல்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம். கணவரின் விரல்கள் இன்னும் ஒரு நாள் அவர் கையில் இருக்கும்.

முதல் பெஞ்ச் டிரில் விலை அதிகம் என்றாள்.

இரண்டாவதன் தட்டு ஆடுகிறது என்றாள். அது ஆடவில்லை.

மூன்றாவதன் நிறம் பிடிக்கவில்லை என்றாள்.

"துளை போடற மெஷினுக்கு என்னடி கலரு? துணியா எடுக்க வந்திருக்கோம்?"

கணவர் சிரித்தார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் கேட்டது இது ஒன்றுதான். பின்னறையில் அதற்கென்று ஒரு மேசை செய்து வைத்திருந்தார். அதன் பக்கத்துச் சுவரில் ப்ளக் பாயின்ட்கூட வைத்தாயிற்று.

அவள் குறை சொல்லச் சொல்லக் கடைக்காரர் விலையைக் குறைத்தார். விலை இறங்க இறங்க அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார் மரத்துல துளை போடறதுக்குள்ள மேடம் என் பாக்கெட்ல போட்டுடுவாங்க போலிருக்கே."

நான்காவதைக் கொண்டுவந்து வைத்தார். சின்னது. அவர்களால் வாங்க முடிகிற விலை. ஒரு குமிழைத் திருகினால் வேகம் ஏறும், இறங்கும்.

"ரொம்ப மெதுவாவும் சுத்துமா?"

கடைக்குள் வந்த பிறகு அவள் உண்மையாகவே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கடைக்காரர் குமிழைத் திருப்பினார். இரைச்சல் அடங்கி முனகலானது.

அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இவ்வளவு மெதுவாகச் சுற்றுவது என்ன செய்துவிடும்? கையை எடுக்க நேரம் இருக்கும். எடுத்துவிட நேரம் இருக்கும்.

"மெதுவாச் சுத்தறப்பதான் மேடம் முரட்டுப் பலம். இரும்பையே துளைச்சிடும். சார், சட்டைக் கையை மடிச்சுக்குங்க. மாட்டுச்சுன்னா விடாது."

கணவர் மடித்துக்கொண்டார்.

கடைக்காரர் ஒரு மரத்துண்டைத் தட்டில் வைத்து இறுக்கினார். நீங்களே போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போனார்.

கணவர் இடது கையை மரத்தின் மேல் வைத்தார். வலது கையால் கைப்பிடியைக் கீழே இழுத்தார். மரத்தூள் சுருள் சுருளாக எழுந்தது.

சுழலும் பிட் முனை மரத்தைத் துளைத்து அடிப்பக்கம் வந்தது. அவர் கைப்பிடியை மேலே விடவில்லை.

அவள் மெஷினிலிருந்து பார்வையை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

கண்கள் திறந்திருந்தன. அவற்றில் யாரும் இல்லை.

காலையில் பால் ஊற்றும்போதும் இதே கண்கள்தான். டம்ளர் நிரம்பி, மேசை நனைந்து, தரையில் சொட்டிய பிறகும் அவர் கை சரிந்தபடியே இருந்தது. போன வாரம் ஷூ மாட்டும்போதும் இப்படித்தான் நின்றார். கேட்டால் ஏதோ யோசனை என்றார். டாக்டர் என்று வாயெடுத்தாலே அவருக்குக் கோபம் வந்தது.

இடது கை விரல்கள், எதையோ தேடுவதுபோல, மரத்தின் மேல் நகரத் தொடங்கின. பிட் இருக்கும் பக்கமாக.

அவள் கத்தவில்லை. கத்தினால் அவருக்குக் கேட்காது என்று தெரியும்.

பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினாள்.

பிட் நின்றது. விரல்கள் அதைத் தொட்டன, தடவின.

சிறிது நேரம் கழித்துக் கணவர் கண்ணைச் சிமிட்டினார். அவள் கையிலிருந்த வயரைப் பார்த்தார். பெட்டியோடு வந்து நின்ற கடைக்காரரைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏன் பிடுங்கிட்டே? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"