கை நனைத்த வீடு

கதவைத் திறந்த வியாகுலம்மாளின் கையில் மீன் வெட்டுகிற கத்தி இருந்தது. ரிஜோ தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினான். கூண்டுக்குள் எத்தனையோ முரடர்களைப் புரட்டி எடுத்தவனுக்கு, இராஜாக்கமங்கலம் துறையின் மீன்காரி ஒருத்தி முன்னால் நிற்கவே பயம்.

பயம் இருக்காதா பின்னே? இரண்டு வருடத்துக்கு முன்னால் எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டைப் போட்டியில் அவள் மகன் பிரைட்டனின் கையை மடக்கிப் பிடித்தவன் இவன்தான். தோற்றுவிட்டேன், விடு என்று பிரைட்டன் தரையைத் தட்டினான். தட்டினால் விட்டுவிட வேண்டும், அது கூண்டின் தர்மம். ரிஜோ விடவில்லை. முறிந்த அந்தக் கையால் பிரைட்டனுக்கு இன்றும் சோறு அள்ளி வாயில் வைக்க முடியாது.

அன்றைக்கே வியாகுலம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். அதற்கப்புறம் ரிஜோ இறங்கிய சண்டையெல்லாம் தோல்விதான். நாளைக்குக் கடைசி வாய்ப்பாக ஒரு சண்டை. இதுவும் கைவிட்டுப் போனால் இரணியலில் அப்பாவின் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

"மன்னிச்சிருங்கம்மா. அந்தச் சாபத்த எடுத்துருங்க" என்று காலில் விழுந்தான்.

கத்தியை ஓரமாக வைத்துவிட்டு அவள் அவனைத் தூக்கி நிறுத்தினாள். "எழும்பு மக்கா. பகை தீரணும்னா பகைச்ச வீட்டுல கை நனைக்கணும், கேட்டியா? ஒரு வாய் தின்னுட்டுப் போ."

ரிஜோ தயங்கினான். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நாகர்கோவிலில் எடை பார்ப்பார்கள். வரம்புக்கு மேல் கால் கிலோ கூடினாலும் சண்டை கிடையாது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உடம்பை வற்ற வைத்து, எடையை வரம்புக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்திருந்தான். ஒரு வாயில் குடி முழுகிவிடாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"உதடு இப்பிடி வெடிச்சிருக்கே" என்று அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். "சண்டைக்கு முந்தி என் மவனுக்கும் இப்பிடித்தான் வெடிக்கும்."

ரிஜோ உருகிப்போனான். இப்படிப்பட்ட தாயின் பிள்ளைக்கா அந்தப் பாவத்தைச் செய்தோம் என்று கண் கலங்கியது.

கஞ்சியும் சுட்ட கருவாடும் வந்தன. கருவாடு உப்புக் கரித்தது. ஒரு வாய்க்கே தொண்டை பற்றி எரிந்தது. செம்பு நிறைய தண்ணீரை நீட்டினாள். காய்ந்து கிடந்த தொண்டை அவனைக் கேட்காமலே மடமடவென்று இழுத்துக்கொண்டது. அவள் மறுபடியும் செம்பை நிரப்பினாள்.

"போதும்மா."

"மிச்சம் வச்சா சாபமும் மிச்சம் நிக்கும் மக்கா. குடி."

குடித்தான். கஞ்சி இன்னொரு அகப்பை விழுந்தது. அதையும் தின்றான்.

செல்போன் அடித்தது. "எங்கலே போய்த் தொலஞ்ச? எடை பாக்க நேரமாச்சு, ஓடி வாலே!" என்று பயிற்சியாளர் ராஜையன் கத்தினார்.

ரிஜோ எழுந்திருக்கப் பார்த்தான். வியாகுலம்மாளோ மறுபடியும் செம்பை அவன் வாயில் வைத்துச் சரித்தாள். வாய் நிறைய தண்ணீருடன் பேச முடியாமல், போதும் போதும் என்று உள்ளங்கையால் தரையைப் படபடவென்று தட்டினான். செம்பு காலியாகும் வரை அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ காலால் இழுத்துப் போட்டாள். தூசி படிந்த எடை மெஷின். அதன் ஓரத்தில் பெயிண்டில் பிரைட்டன் என்று எழுதியிருந்தது.

"ஏறு" என்றாள்.

ஏறினான். முள் வரம்பைத் தாண்டிப் போய் நின்றது. ரிஜோ மிரண்டுபோய் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் இதுவரை இருந்த சிரிப்பைக் காணவில்லை.

"என் மவனும் இப்பிடித்தாம்லே தட்டினான். நீ விட்டியா?"