அக்காவின் சலுகை பாஸ்

மாணவர் சலுகை பாஸில் நாளுக்கு ஒரு கட்டம் உண்டு. ரயிலில் பரிசோதகர் வாங்கிப் பார்த்து அன்றைய கட்டத்தில் ஓட்டை போடுவார். அக்காவும் தங்கையும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஒன்றாகத்தான் மூன்று மாதப் பாஸ் எடுத்தார்கள். மூன்றாம் நாள் விடியும்போது அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் பாஸை அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு மாலை சான்றிதழ் தேடிய தங்கையின் கையில் அது சிக்கியது. இரண்டே ஓட்டை இருக்க வேண்டிய பாஸ் சல்லடையாகிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் தப்பியிருந்தன. காய்ச்சலென்று தங்கை போகாத புதன்கிழமைக்கும் ஓட்டை விழுந்திருந்தது.

அம்மாவிடம் காட்டினாள். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. நாளையோட முடியுது. உன்னோடத புதுப்பிக்கும்போது அவளோடதையும் சேர்த்துப் புதுப்பிச்சுட்டு வா. பாஸ் இல்லாம மாட்டிக்கிட்டா நாலு பேர் முன்னாடி கூனிக் குறுகிப் போயிடுவா."

மறுநாள் கவுண்டரில் எழுத்தர் அக்காவின் படிவத்தைப் புரட்டினார்.

"படிப்பு எப்ப முடியுதுன்னு எழுதலையேம்மா?"

"தெரியல சார்."

"பரவால்ல. இந்த மாதிரி பாஸுக்கு வர்ற யாருக்குமே தெரியறதில்ல" என்று முத்திரையைக் குத்தினார்.