மொசலு

ஜூன் 19. நான் நடத்தும் மாலை வகுப்பில் இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். பிள்ளைகளைத் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று வரிசையாகப் பிரிக்க மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். படங்களின் பெயரைச் சரியாகச் சொல்பவர்களுக்குத்தான் மொட்டு. கடைசிப் படத்தைப் பார்த்ததுமே மாரிக்கனி, "மொசலு!" என்றாள். விதிப்படி விடை முயல். தவறு என்று குறித்தேன்.

"ஏட்டி மொசலு, அரும்புக்கு ஓடு!" என்று மொட்டு வரிசை சிரித்தது. பக்கத்திலிருந்த தோழியை விட்டுவிட்டு அவள் பையோடு அரும்பில் போய் உட்கார்ந்தாள். இனி காலாண்டு வரைக்கும் அங்கேதான்.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தாள். "அக்கா, அப்ப எங்க வீட்டுல வளக்கது என்னது?"

"அதுவும் முயல்தான்."

"எங்கம்மைக்கும் தெரியாது போல" என்று தலை குனிந்துகொண்டாள்.

எங்கள் வீட்டிலும் அது மொசலுதான். மற்றப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்ததால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நாளை வகுப்பு தொடங்குமுன் அந்தக் குறியைத் திருத்த வேண்டும். பிறகு எல்லோருக்கும் முன்னால் அதே படத்தை எடுத்துக் காட்டி, மொசலு என்று நான் சொல்ல வேண்டும்.