மூலை வீடு

கடைசி ஆட்டத்தின் தேநீர் இடைவேளையில், செப்டம்பரின் மங்கிய வெளிச்சத்தில், மேவிஸ் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லைக்கோட்டருகே புல்லில் நடந்தாள். கடனில் மூழ்கியிருந்த கவுண்டி கிரிக்கெட் கிளப், மறுவாரம் மைதானத்தை வீடுகள் கட்ட விற்றுவிட்டது.

அங்கே முதல் வீட்டை வாங்க வந்தவளும் மேவிஸ்தான்.

"விக்கவே கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினவ நீ! இப்ப வெக்கமா இல்லியாடி?" என்றாள் உடன் வந்த தோழி டோரீன்.

மேவிஸ் வரைபடத்தில் மூலை வீட்டைத் தொட்டாள்.

"தோட்டத்துல சிமென்ட் போட்டுத் தர்றோம்மா, கார் நிறுத்தலாம்," என்றார் விற்பனையாளர்.

"வேணாம். அந்தப் புல்லத் தோண்டவே கூடாது. என் வீட்டுக்காரர் டெரன்ஸ் ஃபீல்டிங் நின்ன இடம் அது. அவர் சாம்பல அங்கதான் தூவியிருக்கேன்."

கேட்ச் விட்டபோதெல்லாம் டெரன்ஸ் சொன்ன சாக்கு பொய்யில்லை. மேவிஸ் குடியேறிய அந்த மூலையில் சாயங்கால வெயில் இன்றும் நேராகக் கண்ணில்தான் அடிக்கிறது.