ஆறாவது தட்டு

"எண்பத்தொம்பது நாள் ஓட்டிட்டீங்க, மொரீன். இந்த ஒரு மத்தியானம் தாண்டிட்டா வேலை நிரந்தரம்," என்றான் பரிமாறுகிற வாரன், காலிக் கிண்ணங்களை இறக்கி வைத்தபடி.

"எங்க தாண்ட விடறாரு உங்க செஃப்."

சமையலறையின் மறுகோடியிலிருந்து டெக்லன் கரண்டியோடு வந்துகொண்டிருந்தான். மொரீன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபது வருடம் செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் ஆட்களுக்குச் சமைத்தவள்; இங்கே மூன்று மாதச் சோதனையில் இருக்கும் உதவிச் சமையல்காரி. டெக்லனுக்கு முப்பத்தைந்து. மண்சாலை முடிகிற இடத்தில், யூகலிப்டஸ் காட்டுக்குள் இருக்கும் இந்த உணவகத்துக்கு ஜனங்கள் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருவது அவன் பெயருக்காகத்தான். பருவத்துக்கு ஒரு மெனு. ஏழு தட்டு, எல்லோருக்கும் ஒன்றே. இன்று வசந்த கால மெனுவின் முதல் நாள். கூடத்தில் பதினாலு பேர்.

"சொல்லுங்க," என்று கரண்டியை நீட்டினான். ஐந்தாவது தட்டு, மரப்பட்டையில் சுற்றிச் சுட்ட மீனுக்கான வெண்ணெய்.

"எலுமிச்சை இலை வாசம் தூக்கலா இருக்கு. சோப்பு மாதிரி அடிக்குது."

"எவ்வளவு குறைக்கலாம்?"

"இலைய பாதியாக்குங்க."

பாதியாக்கினான். நன்றி கிடையாது, பாராட்டு கிடையாது. மூன்று மாதமாக ஒவ்வொரு சட்டிக்கும் இதே விசாரணை. எது முந்தி வருது, எது பின்னாடி நிக்குது, எது குறையுது? அவனுக்குத் தெரியாததா? கொட்டகைச் சமையல்காரி எங்கே சறுக்குவாள் என்று பார்க்கிறான்.

"பரீட்சை எப்ப முடியும், செஃப்?"

"ஏழாவது தட்டு போகட்டும்," என்றான் முகத்தைப் பார்க்காமல்.

வாரன் மீனைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினான். "முதல் மேசை அம்மா ருசியில கண்ணையே திறக்கல. இந்த செஃப் மூக்க இன்ஷூர் பண்ணணுமாம்."

டெக்லன் சிரிக்கவில்லை.

மொரீன் ஜன்னல் வழியே, தனக்கு வீடும் வண்டியுமான கேரவனைப் பார்த்தாள். வேலை போனால் நாளைக்கு அதை ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்?

ஆறாவது தட்டு கங்காரு இறைச்சி, மேலே காட்டுப் பிளம் பழக் குழம்பு. டெக்லனே நின்று கிளறிய குழம்பு. பக்கத்தில் போனதுமே அவள் மூக்கில் ஏறியது அடிப்பிடித்த வாடை.

வேண்டுமென்றே கருக விட்டிருக்கிறான். இதுவும் பரீட்சை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. சரி, இந்தத் தடவை நான் வைக்கிறேன் பரீட்சை.

"சொல்லுங்க."

"பிரமாதம். கை வைக்காதீங்க."

அவள் கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. அவனும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். தலையாட்டினான்.

"ஆமா, நல்லா வந்திருக்கு. வாரன், எடுங்க."

தட்டுகளில் குழம்பு விழுந்தது. இப்போது சிரிப்பான், இப்போது நிறுத்துவான் என்று காத்திருந்தாள். அவனோ தட்டு விளிம்பில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தான். விறகுப் புகையில் வாரனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்கு தட்டோடு போய்க் கதவைத் தோளால் தள்ளினான்.

"நில்லுங்க வாரன்."

மொரீன் ஓடிப்போய்க் கதவை மறித்தாள்.

"குழம்பு அடிப்பிடிச்சிருக்கு. நான் பொய் சொன்னேன், செஃப். வேலையை விட்டு அனுப்புங்க, போறேன். ஆனா இது வெளிய போகக் கூடாது."

வாரன் தட்டை முகத்தருகே கொண்டுபோனான். முகம் சுளித்தான். "கருகித்தான் இருக்கு, செஃப்."

டெக்லன் சட்டியின் மேல் குனிந்து மூச்சை இழுத்தான். இன்னும் குனிந்து, இன்னும் ஆழமாக ஒரு முறை. பிறகு அடுப்பை அணைத்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

"உங்கள நான் பரீட்சை பண்ணவே இல்ல, மொரீன். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்றான். "மே மாசம் வந்த காய்ச்சலுக்கப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல."