பாசிக்கு எந்த விளக்கு?

மீன்தொட்டிக்குள், பின்பக்கமாக, ஒரு வலைத்துண்டில் ஒட்டி வாழ்ந்தது பாசி. வெளிச்சத்தில் வளர்ந்து தண்ணீரின் அழுக்கைத் தின்று தீர்ப்பது அதன் வேலை. பழைய விளக்கு அணைந்துபோகவே, புதிதாக இரண்டு எல்.இ.டி. விளக்குகள் வந்து சேர்ந்தன.

“என் வெளிச்சத்துல கிடுகிடுன்னு வளருவே” என்றது சிவப்பு விளக்கு.

“அவனை நம்பினா கருகிப்போவே. என்னை எரியச் சொல்லு” என்றது வெள்ளை விளக்கு.

இரண்டு பேச்சும் நியாயமாகப் பட்டதில் பாசிக்குத் தலை சுற்றியது. இருட்டிலேயே யோசித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கலங்கிக்கொண்டே போனது.

“பாசியக்கா, மூச்சு முட்டுது. யாராவது ஒருத்தரை எரியச் சொல்லுங்க!” என்று கெஞ்சியது தங்கமீன்.

“இரு கண்ணு, தப்பாப் போயிடக் கூடாதில்ல?”

மீன் மல்லாந்து மிதக்கத் தொடங்கியது. பாசி பதறிப்போய், “ரெண்டு பேருமே எரிஞ்சு தொலைங்க!” என்று கத்தியது.

வெளிச்சம் வந்தது. மீனுக்குப் போன உயிர் திரும்பியது. பாசி தன்னைப் பார்த்தது. இத்தனை நேரம் இருட்டில் கிடந்ததில் பாதி உடம்பு வெளுத்து உதிர்ந்திருந்தது.

“ஐயோ, உங்கள்ல யாரு என்னை இப்படி ஆக்கினது?” என்றது.