இன்ஜின் இருக்கு

"பயப்படாதீங்க பிள்ளைங்களா, இன்ஜின் இருக்கு!"

பாய்மரக் கப்பல் சாயும்போதெல்லாம் டீச்சர் இதைத்தான் சொன்னாள். பயிற்சிக்கு வந்திருந்த பன்னிரண்டு பிள்ளைகளும் சமர்த்தாக, "சரிங்க டீச்சர்" என்றார்கள். அவள்தான் பாய்மரத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

நான்காம் நாள் துறைமுகம் தெரிந்தது. இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே குறுகலான வாய். பக்கக்காற்று வேறு.

"கேப்டன், இப்பவாவது இன்ஜினைப் போடுங்களேன்!"

"பார்ப்போம் டீச்சர்." அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வகுப்பில் 'வாலு' என்று பெயரெடுத்தவள் சுக்கானைப் பிடித்திருந்தாள். அவள் குரல் கொடுக்க, பிள்ளைகள் கயிறுகளை இழுக்க, பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. கைக்கெட்டும் தூரத்தில் சுவர் நழுவிப் போனது. கப்பல் பூப்போலக் கரையோரம் நின்றது.

வீட்டுப்பாட நோட்டைக்கூட மறந்துவிட்டு வரும் பிள்ளைகளா இவர்கள்! டீச்சருக்கு மெய்சிலிர்த்தது.

"இவங்க மேல எவ்வளவு நம்பிக்கை கேப்டன் உங்களுக்கு! கடைசிவரைக்கும் இன்ஜினைத் தொடவே இல்லையே!"

கேப்டன் வாலுவைப் பார்த்தார். "இனிமே சொல்லிடலாமா?"

"அது ரெண்டாம் நாளே படுத்துடுச்சு டீச்சர்," என்றாள் வாலு, கயிற்றைச் சுருட்டியபடி. "இழுவைப் படகைக் கூப்பிடட்டுமான்னு கேட்டாரு. நாங்களே கொண்டுபோறோம்னுட்டோம். நீங்க பயந்துடுவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

"உங்களுக்குப் பயமா இல்லையாடி?"

"கப்பலைக்கூட சமாளிச்சுட்டோம் டீச்சர். நீங்க 'இன்ஜின் இருக்கு'ன்னு சொல்றப்பல்லாம் சிரிக்காம இருந்தோமே, அதுதான் பெரும்பாடு!"